பிள்ளைக்கு மிருதங்கம் சொல்லித்தர யாரை நம்புவது? பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்விகள்

கோயில் திருவிழாவில் நாட்டிய நிகழ்ச்சி. எல்லார் கண்ணும் ஆடுபவர்மீது இருக்க, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையன் மட்டும் மேடை ஓரத்தில் மிருதங்கம் வாசிப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வீடு திரும்பியதும் காலி மைலோ டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டத் தொடங்குகிறான். இரண்டு வாரம் கழித்தும் தட்டல் நிற்கவில்லை. "அப்பா, எனக்கு மிருதங்கம் கத்துக்கணும்" என்கிறான்.

பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. பெற்றோருக்கு மகிழ்ச்சிதான். கைப்பேசியே கதி என்று கிடக்காமல் பிள்ளை ஒரு கலையைக் கேட்கிறானே என்ற நிம்மதி. ஆனால் அடுத்த கேள்விக்குத்தான் பதில் எளிதில் கிடைப்பதில்லை: யாரிடம் அனுப்புவது?

கோயிலில் ஒருவரைக் கேட்டால், "பட்டணத்தில் ஒரு மாஸ்டர் இருக்கார், நல்லா வாசிப்பார்" என்கிறார். புலனக் குழுவில் கேட்டால் மூன்று எண்கள் வருகின்றன. அனுப்பியவரிடம் "உங்கள் பிள்ளை அவரிடம்தான் படிக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை, யாரோ அனுப்பியது" என்று பதில் வருகிறது. இப்படித்தான் பல குடும்பங்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கின்றன.

சிலருக்கு அது நன்றாக அமைந்துவிடுகிறது. சிலருக்கு நான்காம் மாதம் வகுப்பு நின்றுபோகிறது, முன்பணம் திரும்புவதில்லை. இன்னும் சிலருக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியவருகிறது, பிள்ளைக்குத் தாளமே நிற்கவில்லை என்று. அதற்குள் பிள்ளையின் ஆசையும் வற்றிப்போயிருக்கும். போன பணத்தைவிட அதுவே பெரிய இழப்பு.

பதிவும் இல்லை, பலகையும் இல்லை

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் அவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பு உண்டு. தவறு நடந்தால் அங்கே புகார் செய்யலாம். வீட்டில் உட்கார்ந்து மிருதங்கமோ வீணையோ சொல்லித்தரும் தனி ஆசிரியருக்கு அப்படிப்பட்ட தொழிற்கழகம் எதுவும் இல்லை. இருபது ஆண்டு குருகுலமாகக் கற்றவரும் ஆசிரியர்தான். ஈராண்டு கற்றுவிட்டுச் சொல்லித்தருபவரும் ஆசிரியர்தான். இருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் பலகை எந்த வாசலிலும் தொங்காது.

சான்றிதழும் முழு விடையைத் தருவதில்லை. கர்நாடக இசையில் சான்றிதழே இல்லாத பெரும் வித்துவான்கள் உண்டு. சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருந்தும் சிறு பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லித்தரத் தெரியாதவர்களும் உண்டு. மேடையில் நன்றாக வாசிப்பது ஒரு திறமை. எட்டு வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'நம்' என்ற ஒரு சொல்லை ஒலிக்க வைப்பது வேறொரு திறமை.

ஆகவே, சோதித்துப் பார்க்கும் பொறுப்பு பெற்றோரிடமே வந்து நிற்கிறது. "எங்களுக்குச் சங்கீதம் தெரியாதே, நாங்கள் எப்படிச் சோதிப்பது?" என்பதுதான் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. சங்கீதம் தெரியாமலும் சோதிக்க முடியும். அதற்கு முன், ஒரு தயக்கத்தைத் தாண்ட வேண்டும்.

குருவிடம் கேள்வி கேட்கலாமா?

டியூஷன் ஆசிரியரிடம் நம் பெற்றோர் எல்லாவற்றையும் கேட்பார்கள். எத்தனை பேர் ஒரு வகுப்பில், விடுமுறைக்குக் கட்டணம் உண்டா, போன ஆண்டு எத்தனை பேர் 'ஏ' எடுத்தார்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அதே பெற்றோர், மிருதங்க ஆசிரியர்முன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சணை வைத்துப் பிள்ளையைக் காலில் விழச் சொல்லிவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். குரு என்ற சொல்லுக்கு நாம் தரும் மரியாதை அது. கேள்வி கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்ற அச்சமும் உண்டு.

ஆனால் இந்தக் கலையின் மரபே கேள்வியோடுதான் தொடங்குகிறது. ஒரு வித்துவானை மேடையில் அறிமுகம் செய்யும்போது முதலில் சொல்வது அவருடைய குருவின் பெயரைத்தான். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) என்றால் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர் என்ற சொல்லும் கூடவே வரும். "நீங்கள் யாரிடம் கற்றீர்கள்? எத்தனை ஆண்டு?" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. முறையாகக் கற்றவர் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு, பெயரும் ஊரும் சேர்த்துப் பதில் சொல்வார். பதில் மழுப்பலாக வந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "எத்தனை ஆண்டாகச் சொல்லித்தருகிறீர்கள்? மூன்று ஆண்டுக்கு மேல் உங்களிடம் கற்கும் மாணவர் எத்தனை பேர்?" தொடக்க மாணவர் நிறையப் பேர் இருந்து, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரும் இல்லை என்றால் ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்று பொருள். காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் அது.

தேடலை எங்கே தொடங்குவது

புலனத்தில் வரும் எண்ணைவிட நம்பகமான வழிகள் உள்ளன. முதல் வழி, உடன் வாசிப்பவர்களைக் கேட்பது. வட்டாரத்தில் நாட்டியம் சொல்லித்தரும் ஆசிரியருக்கும் பாட்டு ஆசிரியருக்கும் நல்ல மிருதங்கக் கலைஞர் யார் என்று தெரிந்திருக்கும். நேரத்துக்கு வருபவர் யார், சொன்ன நாளில் கைவிடுபவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வாசிப்பைவிட இந்த இரண்டாவது தகவல் பெற்றோருக்கு முக்கியம்.

இரண்டாவது வழி, நிறுவனங்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தோற்றுவித்த டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் தலைநகர் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்குகிறது. அங்கே நாட்டியத்தோடு வாய்ப்பாட்டும் வாத்தியங்களும் கற்பிக்கப்படுகின்றன. இதுபோன்ற இடங்களில் ஓர் ஆசிரியர் வர முடியாமல் போனால் விசாரிக்க ஓர் அலுவலகமாவது இருக்கும். தொலைவில் இருப்பவர்களால் அங்கே வாரந்தோறும் போக முடியாமல் இருக்கலாம். அங்கே கற்று முடித்தவர் யாராவது தங்கள் வட்டாரத்தில் சொல்லித்தருகிறாரா என்று விசாரிக்கலாம்.

மூன்றாவது வழி, கோயில் மேடை. திருமுறைப் போட்டி, நவராத்திரிக் கொலு, பள்ளி ஆண்டு விழா என்று பிள்ளைகள் வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பாருங்கள். எந்தப் பிள்ளை நிதானமாக வாசிக்கிறதோ, அந்தப் பிள்ளையின் தாயிடம் போய்ப் பேசுங்கள். விளம்பரத்தில் இல்லாத செய்தியெல்லாம் அங்கே ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அரை மணி நேரம் போதும். சங்கீதம் தெரியாத பெற்றோரும் கவனிக்கக்கூடிய நான்கு விஷயங்கள் உண்டு.

முதலாவது தாளம். பெரும்பாலும் பாடம் ஆதி தாளத்தில் தொடங்கும். இதற்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணினால் நான்கு. ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. பார்வையாளராக உட்கார்ந்திருக்கும் தாயோ தந்தையோ தொடையில் இதைப் போட்டுக்கொண்டே வரலாம். மாணவர் வாசிக்கும்போது இந்த எட்டு ஓடுகிறதா, தேங்குகிறதா? தேங்கினால் ஆசிரியர் நிறுத்தித் திருத்துகிறாரா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு "ம், அடுத்தது" என்கிறாரா? அரை மணி நேரத்தில் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது சொல்கட்டு. மிருதங்கத்தில் கையால் வாசிப்பதை முதலில் வாயால் சொல்லிப் பழக வேண்டும். நான்குக்கு 'தகதிமி', மூன்றுக்கு 'தகிட', ஐந்துக்கு 'தகதகிட' என்று சொற்கள் உண்டு. பிள்ளை தாளம் போட்டுக்கொண்டே அந்தச் சொற்களைச் சொல்ல வேண்டும். பிறகு அதே பாடத்தை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் இரட்டிப்பாக்கிச் சொல்ல வேண்டும். தாளத்தின் வேகம் மாறாது. அதற்குள் அடங்கும் சொற்கள்தான் இரட்டிப்பாகும். இதைச் சொல்ல வைக்காமல் நேரே கையை வாத்தியத்தில் வைக்கும் ஆசிரியரிடம் பிள்ளை சில துணுக்குகளை விரைவில் வாசித்துக் காட்டலாம். ஆனால் அடிப்படை இல்லாததால் ஓராண்டுக்குப்பின் நகராது.

மூன்றாவது கையும் உட்காரும் முறையும். தொடக்கப் பாடம் 'த தி தொம் நம்' என்ற நான்கு சொற்கள்தான். 'தொம்' இடப்பக்கத் தொப்பியில் எழும் திறந்த ஒலி. 'நம்' வலந்தலையின் ஓரத்தில் ஆட்காட்டி விரலால் எழுப்பும் ஒலி. தொடக்க மாணவருக்கு 'நம்' கணீரென்று வருவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். நல்ல ஆசிரியர் அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளையின் மணிக்கட்டையும் விரலையும் திரும்பத் திரும்பச் சரிசெய்வார். முதுகு வளையாமல் உட்காரச் சொல்வார். "என் பிள்ளை மூன்று மாதமாக ஒரே பாடத்தில் நிற்கிறான்" என்று கவலைப்படும் பெற்றோர் இதை அறிந்துகொண்டால், மெதுவாகப் போகும் ஆசிரியரை அவசரப்பட்டு மாற்ற மாட்டார்கள்.

நான்காவது, பிள்ளை தவறு செய்யும்போது ஆசிரியர் நடந்துகொள்ளும் விதம். கண்டிப்பு வேறு, மற்றவர்முன் அவமானப்படுத்துவது வேறு. தலையில் குட்டுவதும் தாளக் குச்சியால் அடிப்பதும் "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். "இவன் இடக்கைக்காரன், எப்படிச் சொல்லித்தருவீர்கள்?" மிருதங்கத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாசிப்பது புதிதல்ல. பாலக்காடு மணி ஐயரின் காலத்தில் அவருக்கு இணையாகப் போற்றப்பட்ட பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர்தான். "அதெல்லாம் ஆகாது, கையை மாற்றினால்தான் சேர்த்துக்கொள்வேன்" என்பவரிடம் காரணம் கேளுங்கள். கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

வாத்தியம் வாங்க அவசரம் வேண்டாம்

சேர்ந்த முதல் நாளே, "மிருதங்கம் வாங்கிவிடுங்கள், என்னிடமே இருக்கிறது" என்று சொல்லப்படுவதும் உண்டு. ஆசிரியர் வாத்தியம் விற்பதில் தவறில்லை. எது நல்ல மரம், எது நல்ல தோல் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் விற்பவரும் அவர், பிள்ளைக்கு அது தேவை என்று சொல்பவரும் அவர் என்னும்போது, பெற்றோர் இன்னோர் இடத்திலும் விலை கேட்பது முறை.

முதல் சில வாரங்களில் தாளமும் சொல்கட்டும்தான் பாடம் என்பதால் வீட்டில் வாத்தியம் இல்லாமலும் சமாளிக்கலாம். பிள்ளையின் ஆர்வம் நிலைத்தபின் வாங்கலாம். அப்போதும் கேட்க வேண்டியவை உண்டு. பலா மரத்தில் கடைந்ததா? எத்தனை கட்டைச் சுருதிக்கு உரியது? பிள்ளையின் கைக்கும் மடிக்கும் அளவு பொருந்துமா? வலந்தலை தேய்ந்தால் புது மூட்டு போடுபவர் யார், எங்கே இருக்கிறார்?

நம் நாட்டின் ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அதனால் கல்லும் கட்டையும் கொண்டு சுருதி சேர்க்கக் கற்றுத்தருவதும் ஆசிரியரின் வேலை. வாசிக்கும் முன் தொப்பியில் ரவையைக் குழைத்துப் பூச வேண்டும். முடிந்ததும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் மூடி வைத்தால் எறும்பும் எலியும் தோலைத் தேடி வரும். இந்தப் பராமரிப்பு தொல்லை என்று கருதுவோருக்கு, உமையாள்புரம் சிவராமன் முன்னெடுத்த ஃபைபர் மிருதங்கமும் ஒரு தேர்வு. இந்தத் தகவல்களை எல்லாம் கேட்காமலே சொல்லும் ஆசிரியர், பிள்ளை நீண்ட நாள் வாசிக்க வேண்டும் என்று நினைப்பவர்.

பணப் பேச்சு எழுத்தில் இருக்கட்டும்

கட்டண விஷயத்தில் மனக்கசப்பு வருவது தொகையால் அல்ல, பேசாமல் விட்டதால்தான். மாதத்துக்கு எத்தனை வகுப்பு? ஒரு வகுப்பு எவ்வளவு நேரம்? ஒருவருக்கா, கூட்டாகவா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு ஈடு செய்யப்படுமா? ஆசிரியர் கச்சேரிக்குப் போனால் என்ன ஏற்பாடு? மேடைக் கலைஞர்களுக்குத் திருமண மாதங்களிலும் நவராத்திரியிலும் அழைப்பு அதிகம். சிலர் டிசம்பர் சீசனுக்குச் சென்னை போய்விடுவார்கள். அதைக் குறைசொல்ல முடியாது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

இவற்றைப் பேசி முடித்தபின் ஒரு புலனச் செய்தியில் எழுதி, "நாம் பேசியது இதுதானே, மாஸ்டர்?" என்று அனுப்பிவிடுங்கள். அவர் "ஆமாம்" என்று பதில் அனுப்பினால் அதுவே பிற்பாடு துணைக்கு வரும் சான்று. பணத்தை வங்கி வழியாகச் செலுத்துங்கள்; ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பார்ப்பது நல்லது. ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் கழிவு உண்டு என்ற பேச்சுக்கு முதல் மாதத்திலேயே தலையாட்டிவிட வேண்டாம்.

கட்டிவிட்டால் என்ன செய்வது? பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இங்கே கைகொடுக்கிறது. தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்த பயனீட்டாளர் அதை இடையில் நிறுத்தலாம். அப்போது சேவை வழங்குபவர் பிடித்துக்கொள்ளக்கூடியவை மூன்று: முழு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு, ஏற்கனவே பெற்ற சேவைக்கான தொகை, பெற்றுக்கொண்டு திருப்பித் தராத பொருளின் விலை.

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 1,200 வெள்ளி கட்டி, மூன்று மாதத்தில் பிள்ளை நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதப் பாடத்துக்கு 300 வெள்ளி, 5 விழுக்காட்டுக்கு 60 வெள்ளி. மீதி 840 வெள்ளியைத் திரும்பக் கேட்கலாம்.

பேசியும் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. அங்கே பெற்றோரே பேசலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது ஆதாரம். மேலே சொன்ன புலனச் செய்தியும் வங்கிப் பதிவும் அந்த நாளில்தான் மதிப்புப் பெறும்.

பணப் பேச்சில் இன்னொன்றையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம்: அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியம், உடை, விருந்து என்று அது ஒரு சிறு கல்யாணச் செலவு. எந்த நிலை வந்தால் அரங்கேற்றம், அது கட்டாயமா, செலவு எப்படிப் பகிரப்படும் என்று முதல் ஆண்டிலேயே தெரிந்திருந்தால், பின்னால் கடன் வாங்கி மேடையேற்றும் நிலை வராது.

கதவு திறந்திருக்கட்டும்

தனி வகுப்பு என்றாலே பிள்ளையும் பெரியவரும் ஓர் அறையில் தனியாக இருக்கும் நேரம் அது. பெரும்பாலான ஆசிரியர்கள் நல்லவர்கள். ஆயினும் முன்னெச்சரிக்கை எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் அது யாரையும் குத்தாது. வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்ற ஏற்பாடு வேண்டும். ஆசிரியர் பிள்ளையோடு தனியாகக் குறுஞ்செய்தி பரிமாறாமல், பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் செய்தி அனுப்ப வேண்டும். விரலைத் திருத்தத் தொடுவது வாத்தியக் கல்வியில் இயல்பு. எந்தத் தொடுதல் பாடத்துக்குரியது, எது அல்ல என்பதைப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டும்.

"பெற்றோர் பார்த்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறும்" என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். அப்படியானால் பெற்றோர் வெளித் திண்ணையில் உட்காரலாம். கதவைச் சாத்துவதற்கு அது காரணமாகாது.

சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அந்த நம்பிக்கையை மீறிக் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. குற்றத்துக்குரிய தண்டனையோடு ஐந்தாண்டு வரை சிறையும், குறைந்தது இரண்டு பிரம்படியும் சேரும். இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். அதற்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மூடி மறைப்பது அடுத்த பிள்ளையையும் ஆபத்தில் தள்ளும். சந்தேகம் எழுந்தால் போலீசில் புகார் செய்யலாம். 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே

பட்டணத்துப் பெற்றோருக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது சிக்கல். தோட்டப்புறத்துப் பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்க ஒருவராவது இருக்கிறாரா என்பதே சிக்கல். வகுப்பு 40 கிலோமீட்டர் தொலைவில் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 80. ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 3,840 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் பத்தொன்பது முறை கடப்பதற்குச் சமம். மோட்டார் சைக்கிளில், மழையில், சனிக்கிழமையும் வேலை இருக்கும் தந்தைக்கு இது சாதாரண விஷயமல்ல. கட்டணத்தைவிடப் பயணமே பல பிள்ளைகளின் பாடத்தை நிறுத்துகிறது.

இதற்குக் கைகொடுக்கக்கூடியது கூட்டு ஏற்பாடு. தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தாமானிலும் கற்க விரும்பும் பிள்ளைகள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆசிரியரை வாரம் ஒருமுறை இங்கே வரவழைக்கலாம். ஆறு குடும்பம் போய்வரும் செலவு ஒருவர் வந்துபோகும் செலவாகச் சுருங்கும். கோயில் நிர்வாகம் மண்டபத்தைத் தந்தால் இடத்துக்குச் செலவில்லை. நாலு பேர் வந்துபோகும் பொது இடம் என்பதால் பாதுகாப்புக் கவலையும் குறையும். தாளமும் சொல்கட்டும் கூட்டாகக் கற்க ஏற்றவை. கை திருத்துவதற்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பணத்தை வசூலித்துக் கணக்கு எழுத ஒருவரைப் பொறுப்பாக்குவதும் நல்லது.

இணைய வகுப்பு இன்னொரு வழி. சென்னையிலிருந்துகூடப் பாடம் கேட்கலாம். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் மாலை வகுப்பு நமக்கு இரவாகிவிடும். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் வாசித்துக் காட்ட, பிள்ளை கேட்டுத் திருப்பி வாசிக்க வேண்டும். ஓரளவு கற்ற பிள்ளைக்கு இது பொருந்தும். விரல் இன்னும் நிலைக்காத தொடக்க மாணவருக்கு, முதல் ஆறு மாதமாவது பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும் ஒருவர் வேண்டும்.

மூன்று மாதம் கழித்து

நல்ல ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்று எப்போது சொல்லலாம்? மூன்று மாதம் கழித்து வீட்டில் சில அடையாளங்கள் தெரியும். பிள்ளை சோற்றுத் தட்டின் ஓரத்தில் விரலால் எண்ணிக்கொண்டிருக்கும். வானொலியில் ஒரு பாட்டு வந்தால் தொடையில் தாளம் போடும். வகுப்பு நாளில் சொல்லாமலே புறப்பட்டு நிற்கும். இந்த வாரம் என்ன பாடம் என்று கேட்டால் வாயால் சொல்லிக் காட்டும்.

வகுப்பு நாளில் வயிற்றுவலி வருவதும், பாடம் என்ன என்று கேட்டால் முகம் திரும்புவதும் வேறு அடையாளங்கள். பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாமல், வகுப்பில் என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பேசிப் பார்க்க வேண்டும். வீட்டில் தினமும் இருபது நிமிடமாவது சாதகம் செய்ய இடமும் நேரமும் தந்தோமா என்று பெற்றோர் தங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாரம் ஒருநாள் ஆசிரியர் சொல்லித்தருவது மீதி ஆறு நாளில்தான் கையில் ஏறும்.

பொருந்தவில்லை என்றால் மாற்றலாம். குருவை மாற்றுவது பாவம் என்ற எண்ணம் பலரைத் தடுக்கிறது. 1935இல் பிறந்த உமையாள்புரம் சிவராமன், ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் என்று நால்வரிடம் கற்றவர். நால்வரின் பெயரும் இன்றுவரை அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் தவறு. நேரில் போய், பாக்கி இருந்தால் கொடுத்து, நன்றி சொல்லி விடைபெறுங்கள். இந்தக் கலைவட்டம் சிறியது. அடுத்த ஆசிரியர் இந்த ஆசிரியரின் நண்பராகவும் இருக்கலாம்.

மைலோ டின்னில் தட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு வேண்டியது கணீரென்று ஒலிக்கும் ஒரு 'நம்'. அது வரும்வரை பக்கத்தில் பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவரைத் தேடித்தருவது பெற்றோரின் வேலை. அதற்கு நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். வெற்றிலைத் தட்டை நீட்டும் முன் நாலு கேள்வி கேட்க வேண்டும். நல்ல ஆசிரியர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.